ஸ்டார்ட் பொத்தான் இல்லாத ஜாய்ஸ்டிக்

டிவி கேம் பெட்டியோடு இரண்டு ஜாய்ஸ்டிக் வரும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கையில் எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒன்றின் நடுவில் ஸ்டார்ட், செலக்ட் என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். மற்றதில் அந்த இடம் மொழுக்கென்று கிடக்கும். பொத்தான் உள்ளது வீட்டில் மூத்தவருக்கு, மொழுக்கை இளையவருக்கு என்பது யாரும் சொல்லாமலே நடைமுறைக்கு வந்துவிடும். இளையவர் ஓடலாம், குதிக்கலாம், சுடலாம், சாகலாம். ஆட்டத்தைத் தொடங்கவோ நடுவில் நிறுத்தவோ மட்டும் அவருக்கு அதிகாரம் கிடையாது.

எங்கள் வீட்டில் முதல் ஜாய்ஸ்டிக் அக்காவுடையது. தொண்ணூறுகளின் வீடியோ கேம் பற்றி எனக்குள்ள நினைவெல்லாம் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கோடு உட்கார்ந்து பார்த்தவை.

இந்தப் பாகுபாடு நம் ஊர்க் கடைக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியிலேயே இருந்தது. அதில் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் பெட்டியோடு நிரந்தரமாக இணைந்திருந்தன. இரண்டாவதில் ஸ்டார்ட், செலக்டுக்குப் பதிலாக ஒரு சின்ன மைக் வைத்திருந்தார்கள். நமக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் அந்தப் பெட்டியின் நகல்கள். நகலெடுத்தவர்கள் மைக்கை விட்டுவிட்டார்கள். பொத்தான் இல்லாத குறையை மட்டும் பல பெட்டிகளில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

எங்கள் பெட்டியை மாமா சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கி வந்தார். கூடவே மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். அதன் மேல் '9999 இன் 1' என்று போட்டிருந்தது. டிவியில் சேனல் பிடித்து, கேசட்டின் அடியில் ஊதிச் செருகிப் பார்த்தால், கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே வேறு வேறு பெயரில், வேறு வேறு ஸ்டேஜிலிருந்து திரும்பத் திரும்ப வந்தன. யாரும் ஏமாந்ததாக நினைக்கவில்லை. அதில் டேங்க் இருந்தது, கான்ட்ரா இருந்தது. வேறென்ன வேண்டும்?

நாங்கள் டேங்க் என்று சொன்ன ஆட்டத்தின் உண்மைப் பெயர் பேட்டில் சிட்டி. 1985-இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்டது. திரையின் கீழே நடுவில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு. மேலேயிருந்து ஸ்டேஜுக்கு 20 எதிரி டேங்குகள் வரும். கழுகின் மேல் குண்டு பட்டால் ஆட்டம் முடிந்தது, சுட்டது எதிரியானாலும் நாமேயானாலும். அக்காவுக்கு மஞ்சள் டேங்க், எனக்குப் பச்சை. "நீ கழுகப் பாத்துக்க" என்று என்னைக் காவலுக்குப் போட்டுவிட்டு அவள் மேலே போய்விடுவாள். எத்தனை நேரம்தான் காவல் காப்பது? நானும் பின்னாலேயே போவேன். அவசரத்தில் என் குண்டு அவள் முதுகில் பாயும். கூட்டாளி சுட்டால் சாவதில்லை. டேங்க் மின்னிக்கொண்டு சற்று நேரம் நகராமல் நிற்கும். எதிரிக்கு அந்த நேரம் போதும். அக்கா ஸ்டார்ட்டை அழுத்துவாள். திரை உறையும். திரும்பி என் மண்டையில் ஒரு கொட்டு வைப்பாள். மறுபடி ஸ்டார்ட்டை அழுத்துவாள். ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஸ்டேஜ் முடிந்ததும் யார் எத்தனை டேங்க் சுட்டார் என்று இருவருக்கும் தனித்தனியாகத் திரையில் கணக்கு ஓடும். அதுவரை ஒரே கட்சியாக இருந்த நாங்கள், கணக்கு ஓடி முடிவதற்குள் எதிரெதிர்க் கட்சியாகியிருப்போம். "நான் அடிச்சு வச்சதெல்லாம் நீ கடைசில வந்து சுட்ட." "அப்ப கழுகக் காப்பாத்துனது யாரு?" அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "ரெண்டு பேரும் வாய மூடலன்னா ஒயரப் புடுங்கிருவேன்." அந்தக் குரலுக்கு முன் முதல் ஜாய்ஸ்டிக், இரண்டாவது ஜாய்ஸ்டிக் என்ற பேதமெல்லாம் இல்லை.

கான்ட்ராவில் மூன்றாவது ஸ்டேஜ் அருவி. பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். மேலே இருப்பவரோடு திரையும் மேலே நகரும். பின்தங்கியவர் திரையின் அடிவிளிம்புக்குக் கீழே போய்விட்டால் ஒரு லைஃப் காலி. எதிரி யாரும் சுட வேண்டியதில்லை, கூட வருகிறவர் வேகமாகப் போனாலே போதும். "ஏறாத, ஏறாத, இரு, நா வரேன்" என்று நான் கத்துவேன். அக்கா ஒரு பாறையில் நின்று, உருண்டு வரும் கற்களுக்குத் தப்பித் தப்பி எனக்காகக் காத்திருப்பாள். சில நாள் காத்திருக்க மாட்டாள். காலையில் அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸை நான் எடுத்தேனா இல்லையா என்பதைப் பொறுத்தது அது. காத்திருக்க வேண்டும் என்று ஆட்டத்தில் எந்த விதியும் கிடையாது. 'எஸ்' எழுத்துப் போட்ட துப்பாக்கி பறந்து வரும்போது அதை யார் எடுப்பது என்பதற்கும் விதி கிடையாது. எல்லாவற்றையும் நாங்களே பேசி, சண்டை போட்டு, முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் 30 லைஃப் கிடைக்கும் வித்தையும் உண்டு. கோனாமி நிறுவனத்தில் இருந்த கசுஹிசா ஹாஷிமோட்டோ, 1986-இல் கிராடியஸ் என்ற ஆட்டத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காகத் தனக்கென்று வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. அந்த ஆட்டத்தை ஆடிப் பார்க்க அவருக்கே கஷ்டமாக இருந்ததாம். பின்னால் கான்ட்ராவிலும் அந்தக் குறுக்குவழியையே வைத்தார்கள். இணையம் எங்களை எட்டாத காலத்தில் அந்த வரிசை எங்கள் தெருவரைக்கும் வாய்வழியாகவே வந்து சேர்ந்தது. அதையும் முதல் ஜாய்ஸ்டிக்கில்தான் அழுத்த முடியும்.

முழுப்பரீட்சை லீவுக்குச் சித்தி பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் வந்துவிட்டால் ஜாய்ஸ்டிக் இரண்டு, ஆள் ஏழெட்டு. அவுட்டானால் கைமாற்ற வேண்டும். புதிதாக ஆடுகிறவருக்கு முதல் சாவு கணக்கில் சேராது. ஊருக்குக் கிளம்பப்போகிறவருக்கு ஒரு சான்ஸ் கூடுதல். காத்திருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? "குதி, குதி, இப்பக் குதி... ஐயோ போச்சு" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டமே ஆடிக்கொண்டிருக்கும். தனக்கும் வேண்டும் என்று அழுகிற பொடியனுக்கு வயர் செருகாத பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றைக் கொடுத்துவிடுவோம். கண்ணாமூச்சியிலும் நொண்டியிலும் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோமே, அதேதான். திரையில் ஓடுகிற ஏதோ ஒரு டேங்கைத் தான்தான் ஓட்டுகிறோம் என்று அவன் நம்பிக்கொண்டிருப்பான். இல்லையென்று சொல்லிவிட எல்லாருக்கும் நாக்கு துறுதுறுக்கும், யாரும் சொன்னதில்லை.

நான் ஏங்குவது இதற்குத்தான். ஒரே அறையில் விளையாடுவது என்றால், ஆட்டத்தில் யார் கெட்டிக்காரர் என்று பார்த்து ஆள் சேர்ப்பதில்லை. அன்றைக்கு வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களோடுதான் ஆட வேண்டும். பதினாலு வயதும் எட்டு வயதும் ஒரே திரையில் இருக்கும். ஒருவருக்குக் கை வேகம், இன்னொருவருக்குக் கண்ணே சரியாகத் தெரியாது. ஆட்டம் இருவருக்கும் பிடிக்க வேண்டுமானால் பெரியவர் கொஞ்சம் இறங்கிவர வேண்டும், சின்னவர் கொஞ்சம் தாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கை எந்த இயந்திரமும் எங்களுக்காகப் போட்டுத் தரவில்லை.

வீடியோ கேம் பிறந்ததே இரண்டு பேருக்காகத்தான். 1958-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் இயற்பியலாளர் வில்லியம் ஹிகின்போதம், பார்வையாளர்களின் பொழுதுபோக்குக்காக ஆசிலோஸ்கோப் திரையில் ஒரு டென்னிஸ் ஆட்டத்தைச் செய்துவைத்தார். அதை ஆட இருவர் வேண்டும். 1962-இல் எம்ஐடியில் எழுதப்பட்ட ஸ்பேஸ்வார் ஆட்டத்துக்கும் இருவர் வேண்டும். 1972-இல் அட்டாரியின் பாங் இயந்திரத்துக்கும் அப்படியே. 1977-இல் வந்த அட்டாரி 2600 பெட்டியோடு இரண்டு ஜாய்ஸ்டிக்கும் காம்பாட் என்ற ஆட்டமும் சேர்ந்தே வந்தன. காம்பாட்டைத் தனியாளாக ஆடவே முடியாது. எதிராளியாக யோசிக்கும் திறமையை அந்தச் சின்ன இயந்திரங்களில் அடைப்பது கடினம். அந்த வேலையைப் பக்கத்தில் இருக்கும் மனிதரிடம் விட்டுவிட்டார்கள்.

1994-இல் ப்ளேஸ்டேஷன் வந்தபோது பெட்டிக்குள் ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் இருந்தது. ஆனாலும் பக்கத்தில் உட்காரும் ஆள் உடனே எழுந்து போய்விடவில்லை. 1996-இல் வந்த நின்டெண்டோ 64-இல் நான்கு பேருக்கு இடம் இருந்தது. அதில் 1997-இல் வந்த கோல்டன்ஐ ஆட்டத்தில் திரையை நாலாக வெட்டி நாலு பேர் ஒருவரையொருவர் தேடிச் சுட்டார்கள். அந்தப் பகுதி தயாரிப்பின் கடைசி சில மாதங்களில் சேர்க்கப்பட்டது. அந்த ஆட்டம் இன்றுவரை பேசப்படுவது அதனால்தான். எல்லாருடைய இடமும் ஒரே திரையில் தெரிவதால் எதிராளியின் கட்டத்தை ஓரக்கண்ணால் பார்க்கலாம். "என் பக்கம் பாக்காத" என்ற சண்டை எல்லா நாட்டு வீடுகளிலும் நடந்திருக்கிறது. ஒழுங்குபடுத்த நடுவர் இல்லை, தலையணையால் அடிப்பது ஒன்றே தண்டனை.

எங்களுக்கு அடுத்து வந்தது ப்ரௌசிங் சென்டர். மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் கவுன்டர்-ஸ்ட்ரைக். ஆளுக்கொரு கணினி, நடுவில் பலகைத் தடுப்பு, எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு லேன் வயர். திரை வேறுவேறு என்றாலும் அறை ஒன்றுதான். டஸ்ட் 2 மேப்பில் யாராவது பின்னாலிருந்து சுட்டால், தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வரும். சுட்டது யாரென்று திரையைப் பார்க்காமலே தெரிந்துவிடும். தோற்ற கட்சி வெளியே வந்து டீ வாங்கித் தர வேண்டும். இதில் இனிக்காத ஒன்றும் உண்டு: அந்த அறைகளில் பெண்பிள்ளைகள் இல்லை. வீட்டில் என்னைவிட நன்றாக ஆடிய அக்கா அங்கே ஒருநாளும் வந்ததில்லை. எங்கே போகிறோம் என்று அவளிடம் சொல்லக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

பள்ளிக் கணினி அறையில் ஃபயர்பாய் அண்ட் வாட்டர்கேர்ள் ஆடியவர்கள் எனக்கு அடுத்த தலைமுறை. 2009-இல் வந்த ஆட்டம். ஒரே கீபோர்டில் ஒருவருக்கு அம்புக்குறிகள், இன்னொருவருக்கு டபிள்யூ, ஏ, எஸ், டி. முழங்கை இடிக்காமல் ஆட முடியாது. நெருப்புப் பையன் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, தண்ணீர்ப் பெண் நெருப்பில் கால் வைக்கக் கூடாது. ஒருவர் பலகையின் மேல் நின்று கதவைத் திறந்து பிடித்தால்தான் மற்றவர் உள்ளே போக முடியும். அதற்கும் பிறகு போனில் மினி மிலிஷியா. கல்லூரிக் கடைசி பெஞ்சில் ஒருவன் ஹாட்ஸ்பாட் போட்டுவிட்டால் மற்றவர்கள் இணைந்துகொள்வார்கள், டேட்டா தேவையில்லை. பாடம் நடக்கும்போதே ஒருவன் செத்துப்போய் "ச்சே" என்று சொல்லி மாட்டிக்கொள்வான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா தண்ணீர்பட்ட பாடு ஆனது. பக்கத்து பெஞ்சுக்காரனோடுதான் ஆட வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. 2018-இல் பப்ஜி மொபைல் வந்தபோது நூறு பேர் ஒரே தீவில் குதித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் யாரென்று யாருக்கும் தெரியாது.

உலக அளவில் இந்த மாற்றம் முன்பே தொடங்கியிருந்தது. 2002 நவம்பரில், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பெட்டியில் இணையம் வழியாக ஆடுவதற்கான எக்ஸ்பாக்ஸ் லைவ் வந்தது. 2004-இல் வந்த ஹேலோ 2, ஒரு பொத்தானை அழுத்தினால் எதிராளியைத் தானே தேடித் தந்தது. 2010-இல் ஸ்டார்கிராஃப்ட் 2, லேன் வழியாக ஆடும் வசதியை எடுத்துவிட்டது. 2013-இல் ப்ளேஸ்டேஷன் 4-உடன், இணையத்தில் சேர்ந்து ஆட வேண்டுமானால் பெரும்பாலான ஆட்டங்களுக்குச் சந்தா கட்ட வேண்டும் என்றானது. நாலு பேரை ஒரே சோபாவில் உட்காரவைத்துப் பெயர் வாங்கிய ஹேலோவே 2015-இல் ஐந்தாம் பாகத்தில் திரையைப் பிரித்து ஆடுவதை நிறுத்திவிட்டது. எதிர்ப்பு வந்தது; இனி அந்த வசதி இருக்கும் என்று 2017-இல் வாக்குக் கொடுத்தார்கள். அடுத்து வந்த ஹேலோ இன்ஃபினிட்டில் போட்டிப் பகுதிக்கு அது கிடைத்தது. கதைப் பகுதியை இருவர் ஒரே திரையில் ஆடும் ஏற்பாடு 2022-இல் கைவிடப்பட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. இருவர் இரண்டு இடத்தில் நின்றால் இயந்திரம் ஒரே உலகத்தை ஒவ்வொரு கணமும் இரண்டு முறை வரைய வேண்டும். வினாடிக்கு 60 படங்கள் வரைய மூச்சு வாங்குகிற பெட்டிக்கு அது இரட்டைச் சுமை. பழைய டேங்க் ஆட்டத்தில் உலகமே ஒரு திரைக்குள் அடங்கிவிட்டது. இருவருக்கும் அதே படம் போதும். இப்போதைய உலகங்கள் மைல் கணக்கில் விரிகின்றன. 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3, மைக்ரோசாஃப்டின் சின்னப் பெட்டியில் திரையைப் பிரித்து ஓட முடியாமல் எக்ஸ்பாக்ஸுக்குச் சில மாதம் தாமதமாகவே வந்தது. அப்போது அந்தச் சின்னப் பெட்டிக்கு மட்டும் அந்த வசதி இல்லாமலே வெளியிட்டார்கள். அதற்கு மேல் வியாபாரக் கணக்கு. நாலு பேர் ஒரு வீட்டில் ஆடினால் ஒரு பெட்டி, ஒரு டிஸ்க். நாலு வீட்டில் ஆடினால் நாலு பெட்டி, நாலு பிரதி, நாலு சந்தா. எந்த முதலாளி முதல் வகையை விரும்புவார்?

இதைவிட என்னை யோசிக்கவைப்பது அந்த எதிராளியைத் தேடித் தரும் ஏற்பாடுதான். செஸ் ஆட்டக்காரர்களுக்குப் புள்ளி போடுவதுபோல் ஒவ்வொருவருக்கும் ஒரு திறமை மதிப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் எக்ஸ்பாக்ஸுக்காக உருவாக்கிய ட்ரூஸ்கில் இதில் பெயர்பெற்றது. யார் வெல்வார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத இருவரைக் கோத்துவிடுவதே அதன் வேலை. நியாயமான ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் என்னை என் அக்காவோடு ஒருநாளும் அது கோத்திருக்காது. எங்கள் இருவருக்கும் இடையில் ஆறு வயது. அருவிப் பாறையில் அவள் எனக்காக நின்ற ஆட்டம், அதன் கணக்கில் ஒரு தவறான ஜோடி.

அக்கா இப்போது மெல்பர்னில் இருக்கிறாள். எப்போதாவது இருவரும் இணையத்தில் ஆடுகிறோம். இணையம் இல்லாவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது. அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. குரல் தெளிவாகக் கேட்கிறது. சொதப்பினால் திட்டுகிறாள். ஒருவருக்குச் சலிப்பு வந்தால் மற்றவருக்கு அது தெரிய வருவதில்லை. "சரி, போதும்" என்றதும் பெயருக்கு எதிரே இருக்கும் பச்சைப் புள்ளி அணைந்துவிடுகிறது. ஒரே வீட்டில் அப்படிப் போக முடியாது. கோபித்துக்கொண்டு எழுந்தாலும் அரை மணியில் அதே தட்டுக்கு, அதே ரசத்துக்கு வந்தாக வேண்டும்.

பக்கத்தில் இருப்பவரை மறக்காதவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நின்டெண்டோவின் மேரியோ கார்ட்டில் பின்தங்கி ஓடுகிறவருக்கே பலமான ஆயுதம் கிடைக்கும். 2017-இல் வந்த பதிப்பில், சாலையை விட்டு இறங்காமல் வண்டியைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதியும் குழந்தைகளுக்காக இருக்கிறது. அதே ஆண்டின் சூப்பர் மேரியோ ஒடிஸியில் ஒருவர் மேரியோ, இன்னொருவர் அவர் தலைத் தொப்பி. தொப்பியாக இருப்பவர் எத்தனை தப்புச் செய்தாலும் ஆட்டம் கெடாது. ஒப்புக்குச் சப்பாணியை முறைப்படி ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டவர்கள் அவர்கள். ஸ்வீடனில் யோசஃப் ஃபாரெஸ் குழுவினர் செய்யும் ஆட்டங்களைத் தனியாக ஆடவே முடியாது. அவர்களுடைய இட் டேக்ஸ் டூ, விவாகரத்துக்கு நிற்கும் ஒரு தம்பதி பொம்மைகளாகிச் சேர்ந்து உழைத்து மீளும் கதை. 2021-இன் கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த ஆட்டமாகத் தேர்வானது. ஒருவர் வாங்கினால் நண்பர் காசு கொடுக்காமலே கூடச் சேரலாம் என்று விட்டிருக்கிறார்கள். இந்த வகை ஆட்டம் விற்காது என்று சொல்வதற்கு இடமில்லை.

உறவினர் வீட்டு விசேஷங்களில் பிள்ளைகள் இப்போதும் ஒரே அறையில்தான் கூடுகிறார்கள். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு இயர்போன். பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐயில் நாலு பேரும் ஒரே ஸ்குவாடில் இருப்பார்கள். ஒருவருக்கொருவர் உதவியும் செய்வார்கள். அவர்களை ஒற்றுமையில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒருவனுக்கு சார்ஜ் தீர்ந்துவிட்டால்தான் வித்தியாசம் தெரிகிறது. அவனுக்கு அந்த அறையில் வேலையே இல்லாமல் போய்விடுகிறது. அவுட்டானவன் பின்னால் உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டே தன் சான்ஸுக்குக் காத்திருக்கலாம் என்ற இடம் அங்கே இல்லை. போன் இல்லாத பொடியனுக்கு ஏமாற்றுவதற்குக்கூட ஒரு வயர் செருகாத ஜாய்ஸ்டிக் இல்லை.

சமமானவரோடு ஆடினால் ஆட்டம் கைவரும். தன்னைவிடச் சின்னவரோடும் பெரியவரோடும் ஆடினால்தான் எங்கே நிற்பது, யாருக்காக நிற்பது என்பது கைவரும். அதை விற்று ஒரு நிறுவனம் பிழைக்க முடியாது. வீடுகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டி வாங்கினால் பெரும்பாலும் ஒரு கன்ட்ரோலர்தான் வரும். இன்னொன்றைத் தனியாகக் காசு கொடுத்து வாங்குங்கள், விலை கொஞ்சம் உறைக்கும். வாங்கிவிட்டு நீங்களே பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளைகள் உங்களை வெளுத்து வாங்குவார்கள், "இதுகூடத் தெரியாதா?" என்று கேலி செய்வார்கள், பிறகு போனால் போகிறது என்று உங்களுக்காகக் கொஞ்சம் நின்று வருவார்கள். கொடுத்த காசு அதற்குத்தான்.